கேமும் கம்ப்யூட்டரும், அதற்காக உழைப்பவர்களும்: உங்கள் கேள்விகள்

கேள்வி: கேம் கம்பெனிகளில் 'கிரஞ்ச்' என்று மணிக்கணக்காக வேலை வாங்குவதைத் திட்டுகிறீர்கள். ரிலீஸ் நேரத்தில் எந்த ஐடி கம்பெனியில்தான் அது இல்லை, அண்ணா?

ரிலீஸுக்கு முந்தைய வாரம் மட்டும் என்றால் நானும் பேசமாட்டேன். 2004 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற அமெரிக்க கேம் கம்பெனியின் ஊழியர் ஒருவரின் துணைவி, பெயர் சொல்லாமல் இணையத்தில் எழுதியதைத் தேடிப் படியுங்கள். முதலில் வாரம் ஆறு நாள், தினம் எட்டு மணி நேரம். அப்புறம் பன்னிரண்டு மணி நேரம். கடைசியில் காலை 9 முதல் இரவு 10 வரை, ஏழு நாளும். ஒழுங்காக நடந்துகொண்டால் எப்போதாவது சனிக்கிழமை மாலை ஆறரைக்கு வீட்டுக்குப் போகலாம்! இத்தனைக்கும் அந்த வேலை குறித்த நேரப்படிதான் போய்க்கொண்டிருந்ததாம். ஓவர்டைம் காசும் கிடையாது. பிறகு வழக்குகளில் ஓவியக் கலைஞர்களுக்கு 1.56 கோடி டாலர், புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்தார்கள்.

கேள்வி: அட்டாரி காலத்தில் இதெல்லாம் இல்லை, அது பொற்காலம் என்கிறாரே என் மாமா?

மாமா விளையாடியவர், வேலை செய்தவர் இல்லையே. எழுபதுகளின் பெரிய கேம் கம்பெனியான அட்டாரி, தன் கேம் பெட்டிகளில் உருவாக்கியவர் பெயரையே போடாது. அதனால்தான் அங்கே புரோகிராமராக இருந்த வாரன் ராபினெட், தான் செய்த 'அட்வென்ச்சர்' கேமில் ஒரு ரகசிய அறையை ஒளித்து வைத்தார். பின்னணி நிறத்திலேயே இருக்கும் ஒற்றைப் புள்ளியைத் தேடி எடுத்துக்கொண்டு போனால்தான் உள்ளே நுழைய முடியும். அங்கே அவர் பெயர் இருக்கும். இதே மனக்குறையோடு வெளியேறிய நால்வர் 1979இல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். அங்கே பெயர் போட்டார்கள். அதே ஆக்டிவிஷன் மீது 2021இல் பெண் ஊழியர்களுக்குத் தொல்லை, சம்பளப் பாகுபாடு என்று கலிபோர்னியா அரசே வழக்குப் போட்டது. பெயர் போட்டால் மட்டும் போதாது போலிருக்கிறது.

கேள்வி: விண்டோஸ் 10 முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறை ஐ5 புராசஸர் உள்ள பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவா?

வேண்டாம். 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள்தான் நின்றன, மெஷின் நிற்கவில்லை. ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையின் கேம்கள் பலவும், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக ஓடும். வேலரன்ட் என்ற கேம் ஓடாது, அதன் ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) விடாது.

கேள்வி: நான் ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். அமெரிக்கக்காரன் கஷ்டத்தையே பேசுகிறீர்களே?

நியாயமான குத்து. கேம் ஓடும் போனும் யாரோ செய்வதுதான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்ற பிறகு, சென்னை-பெங்களூரு சாலையை மறித்தார்கள். ஆலை நின்றது. அதற்குப் பிறகுதான் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. சாலைக்கு வராமலே அது தெரிந்திருக்க வேண்டாமா? 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததும் முக்கியமாகச் சங்கத்துக்காகத்தான். பதிவு கிடைக்க 2025 ஜனவரி ஆனது.

கேள்வி: நஷ்டம் வந்தால் ஆளைக் குறைப்பதைத் தவிர முதலாளிக்கு வேறு என்ன வழி?

2014இல் வீ யூ என்ற கேம் கன்சோல் விற்காமல் ஜப்பானின் நின்டெண்டோ திணறியபோது, அதன் தலைவர் சதோரு இவாட்டா சில மாதங்களுக்குத் தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். எல்லோரும் இவாட்டா ஆக முடியாது, சரி. ஆனால் மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் சுமார் 6,900 கோடி டாலருக்கு ஆக்டிவிஷனை வாங்கிவிட்டு, அடுத்த ஜனவரியிலேயே கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியதே, அது எந்த நஷ்டக் கணக்கு?

கேள்வி: புதுக் கேமை முன்பதிவு செய்யலாமா?

கூடாது. 'சைபர்பங்க் 2077' கேமுக்காக ஊழியர்களை வாரம் ஆறு நாள் வேலை வாங்கியும், 2020 டிசம்பரில் பிழைகளோடு வெளியானதால் சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. இப்போது நன்றாக ஓடுகிறது, தள்ளுபடியிலும் வருகிறது. இப்போது வாங்குங்கள்.