மலையேறும்போது மட்டும் ஏ.சி. நிற்பது ஏன்?

கேள்வி: என் கார் ஆறு ஆண்டுகள் ஓடிய, ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய வண்டி. கோவையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஏ.சி. நன்றாகவே குளிர்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போதுதான் தொல்லை. கல்லாறு தாண்டிச் சில வளைவுகளிலேயே குளிர் போய், வெறும் காற்று வருகிறது. சற்று நேரத்தில் தானாகக் குளிர் திரும்பி, மறுபடியும் போய்விடுகிறது. பட்டறையில் இரண்டு முறை கேஸ் ஏற்றினார்கள்; இரண்டாம் முறைக்குப் பின் இன்னும் அடிக்கடி நிற்கிறது. இப்போது கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள். உடன் வரும் என் தாயாருக்கு மலைப்பாதையில் தலைசுற்றல் வேறு உண்டு. கம்ப்ரஸரை மாற்றத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். தேய்ந்துபோன கம்ப்ரஸர் தன் பலவீனத்தை முதலில் சிக்னலில் வண்டி நிற்கும்போதுதான் காட்டும். எஞ்சின் மெதுவாகச் சுழலும் அந்த நேரத்தில் அதனால் போதிய அழுத்தம் கொடுக்க முடியாது. உங்கள் வண்டியில் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. இரண்டாவது கியரில் எஞ்சின் வேகமாகச் சுழன்று, அதனோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட கம்ப்ரஸரும் வேகமாகச் சுழலும் ஏற்றத்தில்தான் குளிர் நிற்கிறது. ஆகவே, கம்ப்ரஸரை ஏதோ ஒன்று நிறுத்துகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படி நிறுத்துவதற்கு வண்டியிலேயே சில ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, பழுதே அல்லாத ஒன்று. கம்ப்ரஸரைச் சுழற்ற எஞ்சினிலிருந்து சில குதிரைத்திறன் போய்விடும். ஒரு லிட்டர் எஞ்சினுக்கு இது சிறிய பங்கு அல்ல. ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தால், எஞ்சினின் கணினி சில நொடிகளுக்குக் கம்ப்ரஸரை விடுவித்து, முழுச் சக்தியையும் சக்கரங்களுக்கே அனுப்பிவிடும். காலைத் தளர்த்தியதும் குளிர் திரும்பிவிடும். அதேபோல், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவுக்கு மீறிச் சூடானாலும் கணினி ஏ.சி.யை நிறுத்தும். அப்போது டாஷ்போர்டில் வெப்பமானி முள் ஏறியிருக்கும், அல்லது சிவப்பு விளக்கு எரியும். அப்படி நடந்தால் ஏ.சி.யை மறந்துவிட்டு, ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் கவனியுங்கள்.

உங்கள் விவரத்தைப் படித்தபோது, எனக்கு வலுவான சந்தேகம் மூன்றாவது காரணத்தின் மேல்தான். கம்ப்ரஸரில் அழுத்தப்பட்டுச் சூடான கேஸ், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கன்டென்சரில் வெப்பத்தை வெளியே விட்டால்தான் திரவமாக மாறும். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கொண்டைஊசி வளைவுகளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று குறைந்து, கம்ப்ரஸர் தள்ளும் கேஸ் மட்டும் கூடிவிடுகிறது. வெப்பம் வெளியேறாததால் குழாயின் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 30 பார் அளவை நெருங்கும்போது பாதுகாப்பு ஏற்பாடு கம்ப்ரஸரைத் துண்டித்துவிடும். அழுத்தம் இறங்கியதும் மீண்டும் இணைக்கும். நீங்கள் எழுதிய "போவதும் வருவதும்" இதனோடு அப்படியே பொருந்துகிறது.

கேஸ் ஏற்றிய பின் தொல்லை கூடியதும் இதனால்தான் இருக்க வேண்டும். இத்தகைய சிறிய கார்கள் பலவற்றுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான கேஸே தேவை. சரியான எடை பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். இருப்பதை வெளியே எடுக்காமல் மேலும் மேலும் ஏற்றினால், கேஸ் மிகுந்து அழுத்தம் இன்னும் விரைவாக ஏறும். குளிர் குறைகிறது என்று சொன்ன உடனே கேஸ் ஏற்றிவிடும் இந்தப் பழக்கத்தால் எத்தனையோ பேர் பணத்தை இழப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் முன்பக்க கிரில் வழியாக டார்ச் அடித்துக் கன்டென்சரைப் பாருங்கள். ஆறு வருட வண்டியில், மெல்லிய தகடுகளுக்கிடையே பூச்சிகளும் தூசியும் சேர்ந்து கம்பளித் துணி போல் படிந்திருப்பது வழக்கம். குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு அதைக் கழுவலாம். பிரஷர் வாட்டர் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். அடுத்து, வண்டியை நிழலில் நிறுத்தி ஏ.சி.யை முழுக் குளிரில் வைத்து, ரேடியேட்டர் ஃபேனைக் கவனியுங்கள். பல கார்களில் ஃபேன் இரண்டு வேகங்களில் ஓடும். நகரத்துக்கு மெதுவான வேகமே போதும் என்பதால், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பழுதாகி வேகமான சுழற்சி இல்லாமல் போனாலும் கோவையில் உங்களுக்குத் தெரியாது, மலையில்தான் தெரியும். இவ்விரண்டும் சரியான பின், பழைய கேஸ் முழுவதையும் இயந்திரத்தால் வெளியே எடுத்து, வேக்குவம் போட்டு (குழாய்களில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து), ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு மட்டும் நிரப்பச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் நின்றால் கம்ப்ரஸரை பெல்ட் சக்கரத்தோடு இணைத்தும் பிரித்தும் விடும் மின்காந்த கிளட்ச்சைப் பார்க்க வேண்டும். அதன் தட்டு தேய்ந்து, தட்டுக்கும் பெல்ட் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி அளவுக்கு மேல் போய்விட்டால், சூடேறிய காயிலால் அதை இழுத்துப் பிடிக்க முடியாது. அந்தப் பழுதில் ஒரு வேறுபாடு உண்டு: வண்டியை நிறுத்தி எஞ்சின் ஆறும்வரை குளிர் திரும்பாது. பெரும்பாலும் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்தாலே போதும். கம்ப்ரஸரை மாற்றத் தேவை இருக்காது.

கேள்வி: வால்பாறைக்கு ஏறும்போது குளிர் மட்டுமல்ல, காற்றே மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடுகிறது. இதுவும் அதே பழுதா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: இல்லை. டாஷ்போர்டின் உள்ளே உள்ள கூலிங் காயிலில் பனி உறைந்து காற்றை அடைத்துக்கொள்கிறது. ஏ.சி. பொத்தானை மட்டும் அணைத்து, ப்ளோயரைப் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். காற்று திரும்பினால் காரணம் உறுதியாகிவிடும். முதலில் கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். அதன் பின்னும் உறைந்தால், காயிலின் வெப்பநிலையை அறிந்து கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.