நாரி நோவும் விடியற்காலை முற்றமும்

கேள்வி: எனக்கு 41 வயது. களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன், பாடசாலை ஆசிரியை. இரண்டு வருடமாக நாரி உளைவு. காலையில்தான் கூட. நாலரைக்கு எழும்பி வளவு கூட்டத் தொடங்கினால், கூட்டி முடிக்கும்போது நிமிர முடிவதில்லை. பின்னேரம் கொப்பி திருத்தினால் பிடரியும் பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரே எடுத்ததில் "கொஞ்சம் தேய்மானம்" என்றார்கள். மாமி பாயில் படுக்கச் சொல்கிறா. கணவர் நாரிக்குக் கட்டும் பெல்ட் வாங்கித் தந்திருக்கிறார். மகன் யூடியூப்பில் முதுகெலும்பை 'டக் டக்' என்று முறித்துச் சரிசெய்யும் வீடியோக்களைக் காட்டுகிறான். எனக்கும் அப்படிச் செய்தால் ஒரேயடியாக மாறுமா, டொக்டர்?

பதில்: சகோதரி, நான் கைரோபிராக்டர். மகன் காட்டிய வேலையைத்தான் நானும் செய்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது வீடியோவில் அல்ல, அந்த வளவில். விடியற்காலை நாலரைக்கு எழும்புகிறீர்கள், எழும்பிய கையோடு குனிகிறீர்கள். உங்கள் நாரிக்கு ஒரு நாளில் குனியவே கூடாத நேரம் ஒன்று உண்டென்றால், அது இந்த நேரம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். முதுகெலும்பில் தனித்தனியாக அசையும் எலும்புகள் 24. கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, நாரியில் 5. அவற்றுக்கு இடையில் சிறு மெத்தைபோல் டிஸ்க் இருக்கிறது. அதன் நடுவில் நீரை உறிஞ்சி வைத்திருக்கும் வழுவழுப்பான பொருள். அதைச் சுற்றி வெங்காயம்போல் அடுக்கடுக்காக நார்வளையம். பகலில் நிற்கும்போதும் இருக்கும்போதும் உடம்பின் பாரம் அழுத்த, டிஸ்க்கிலிருந்து நீர் மெல்லமெல்ல வெளியேறும். இரவில் படுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இரவைவிடக் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். காலையில் ஒருதரம், படுக்கப் போகமுன் ஒருதரம் மகனைக் கொண்டு சுவரில் அளந்து பாருங்கள், தெரியும்.

அப்படியென்றால் எழும்பும் நேரத்தில் டிஸ்க் எப்படி இருக்கும்? காற்று முட்ட அடித்த சைக்கிள் டயர்போல் விறைத்து நிற்கும். அந்த நிலையில் நாரியை வளைத்தால் நார்வளையத்தின் பின்பக்கத்திலும் அங்குள்ள தசைநார்களிலும் விழும் இழுவை, பின்னேரம் அதே அளவு வளைந்தால் விழுவதைவிட மிகவும் கூட. நல்ல செய்தி என்னவென்றால், எழும்பி நடமாடத் தொடங்கிய முதல் மணித்தியாலத்திலேயே அந்த மேலதிக நீரில் பாதியளவு வடிந்துவிடும். அமெரிக்காவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட நாரி நோவு உள்ளவர்களிடம், எழும்பி முதல் இரண்டு மணித்தியாலம் குனிவதைத் தவிர்க்கும்படி சொன்னார்கள். மருந்தோ கருவியோ இல்லை, அவ்வளவுதான். அவர்களின் நோவு குறைந்தது, நோகும் நாட்களும் குறைந்தன.

ஆகவே முதல் மாற்றம் இது: வளவு கூட்டுவதைக் குறைந்தது ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுங்கள். எழும்பியதும் முகம் கழுவி, தேத்தண்ணி வைத்து, நின்றபடி செய்கிற குசினி வேலைகளை முடியுங்கள். கூட்டுவது ஆறு மணிக்கு. அப்போது நேரமில்லை என்றால் பின்னேரம் ஐந்து மணிக்கு, விளக்கு வைக்க முன்னர் கூட்டிவிடுங்கள். விடியும்போது வாசல் கூட்டியிருக்க வேண்டும் என்று மாமி சொல்லக்கூடும். அது நம் ஊரின் நல்ல பழக்கம், அதை விடச் சொல்ல எனக்கும் மனமில்லை. வாசலடியை மட்டும் மகனோ கணவரோ கூட்டட்டும். நாரி நோவுள்ள ஒருவர் மட்டுமே குனிய வேண்டும் என்று எந்த வழக்கமும் இல்லை.

இரண்டாவது, விளக்குமாறு. நம் மணல் வளவுகளைக் கூட்டுவது ஈர்க்கு விளக்குமாற்றால். அதைக் கையில் பிடியாகப் பிடித்துக் குனிந்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மறுகையால் வீசி வீசிக் கூட்டுகிறோம். வளைவும் திருகலும் ஒன்றாக, இருபது நிமிடம், ஒரே பக்கம். நார்வளையத்துக்கு இதைவிடக் கடினமான வேலை வீட்டில் இல்லை. அதே ஈர்க்கை உங்கள் நெஞ்சளவு உயரமான தடியில் இறுக்கிக் கட்டுங்கள். கடையிலும் நீளப் பிடியோடு கிடைக்கும். ஒரு காலை முன்னே வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, திரும்ப வேண்டிய இடத்தில் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள். பாதி வளவுக்குப் பிறகு கை மாற்றிப் பிடியுங்கள். குப்பையை அள்ளும்போது குனியாமல் ஒரு முழங்காலை மடக்கி இருந்து அள்ளுங்கள்.

குனியாமல் வாழ முடியாதுதான். அதனால் குனியும் விதத்தை மாற்ற வேண்டும். நாரியை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடங்கிப் பழகுங்கள். அந்த விளக்குமாற்றுத் தடியையே முதுகோடு நேராக வைத்துப் பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, குண்டி எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் தடி தொட வேண்டும். முழங்காலை இலேசாக மடக்கி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளியபடி முன்னே சாயுங்கள். மூன்று இடமும் விலகாமல் சாய முடிந்தால் நாரி நேராக இருக்கிறது, தொடையும் இடுப்பும் பாரத்தைத் தாங்குகின்றன என்று அர்த்தம். ஒரு கிழமை தினமும் பத்துத் தரம் செய்தால் உடம்பு பிடித்துக்கொள்ளும். நெல்லு மூட்டை தூக்குகிறவருக்கும், தோணியைக் கரையில் இழுக்கிறவருக்கும், குழந்தையைத் தூக்குகிற தாய்க்கும் நான் முதலில் பழக்குவது இதைத்தான்.

குசினியிலும் ஒரு வார்த்தை. பலகையில் குந்தியிருந்து தேங்காய் துருவும்போது நாரி முழுதாக வளைந்திருக்கும். மேசை விளிம்பில் பூட்டும் கைப்பிடித் துருவி இருந்தால் நின்றபடி துருவலாம். தண்ணீர் தூக்குவதென்றால் ஒரு கையில் முழு வாளியைவிட இரு கையிலும் அரை அரை வாளி.

சரி, கொப்பிக்கு வருவோம். கட்டிலில் சம்மணமிட்டிருந்து மடியில் வைத்துத்தானே திருத்துகிறீர்கள்? எனக்குத் தெரிந்த ஆசிரியைகள் பலரும் அப்படித்தான். தலையின் பாரம் ஏறத்தாழ 5 கிலோ. அது தோளுக்கு நேரே இருக்கும்வரை கழுத்துக்குப் பெரிய வேலையில்லை. முன்னே தொங்கத் தொங்கப் பிடரித் தசைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மேசை, கதிரையில் இருந்து, கொப்பியின் கீழே இரண்டு தடித்த புத்தகம் வைத்து உயர்த்துங்கள். கதிரையில் இருக்கும் விதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எவ்வளவு நல்ல இருப்பும் அரை மணித்தியாலம் தாண்டினால் கெட்ட இருப்புத்தான். பத்துக் கொப்பிக்கு ஒருதரம் எழும்பி, வெளியே நடந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மெல்லப் பின்னே சாய்ந்துவிட்டு வாருங்கள்.

இப்போது அந்த 'டக்'. மூட்டுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. மூட்டின் இரு பக்கமும் சட்டென்று விலகும்போது அழுத்தம் குறைந்து, அந்தத் திரவத்தில் வாயுக் குழி உண்டாகிறது. விரலை நெட்டி முறிக்கும்போது கேட்கும் சத்தமும் அதுவே. விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல. உங்கள் எலும்பு எங்கும் விலகவும் இல்லை. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் இந்தத் துறையைத் தொடங்கியபோது, எலும்பு விலகி நரம்பை அழுத்துவதே நோய்களுக்குக் காரணம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை ஆய்வுகளில் நிற்கவில்லை. கையால் மூட்டை அசைத்துக் கொடுக்கும் முறை மட்டும் நின்றது. அது நோவைக் கொஞ்சம் குறைக்கும், இறுகிய தசையைத் தளர்த்தும், அசையப் பயந்தவருக்குத் துணிவு தரும். அதன் பலன் உடற்பயிற்சியின் பலனளவுதான், அதைவிடப் பெரிதல்ல. காலையில் என்னிடம் வந்து சிகிச்சை எடுத்துவிட்டு, மறுநாள் நாலரைக்கு அதே விளக்குமாற்றைப் பிடித்தால் நோவு திரும்பி வரும். ஒரேயடியாக மாற்றித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும், அவர் என் துறையைச் சேர்ந்தவரானாலும், நம்பாதீர்கள்.

கழுத்தில் இன்னும் கவனம் வேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு நாடிகள் கழுத்தெலும்புகளின் ஊடாகவே மேலே போகின்றன. கழுத்தைச் சட்டென்று திருகும்போது, மிக அரிதாக, அந்த நாடியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. தலைமயிர் வெட்டி முடிந்ததும் சலூனில் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகிவிடும் பழக்கம் இங்கே இருக்கிறது. உங்கள் கணவரிடமும் மகனிடமும் சொல்லுங்கள், தயவுசெய்து அதை அனுமதிக்க வேண்டாம். வீடியோ பார்த்து வீட்டில் ஒருவருக்கொருவர் செய்து பார்ப்பதும் வேண்டாம்.

பெல்ட்டைப் பற்றி: உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட நாரி நோவுக்கு ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. உடற்பயிற்சி, நோவைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை, கையால் செய்யும் சிகிச்சை போன்றவற்றை அது ஏற்கிறது. பெல்ட்டை வழமையாகக் கட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை. கணவர் அன்பாகத்தான் வாங்கித் தந்திருக்கிறார், மனம் நோகச் செய்ய வேண்டாம். ஆனால் அலுமாரியில் இருக்கட்டும். பாயா மெத்தையா என்ற கேள்விக்கு, ஸ்பெயினில் செய்து 2003இல் வெளிவந்த ஆய்வில், மிக இறுக்கமான மெத்தையைவிட நடுத்தர இறுக்கமுள்ளதில் படுத்தவர்களுக்கே நோவு நன்றாகக் குறைந்தது. குழிவிழுந்த பழைய மெத்தையைவிடப் பாய் நல்லது. ஆனால் பாயிலிருந்து எழும்ப விடியற்காலையில் முழுதாக மடங்க வேண்டியிருக்கும், உங்களுக்கு அதுவே தொல்லை. எதில் படுத்தாலும் பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்புங்கள்.

எக்ஸ்ரேயில் சொன்ன தேய்மானம் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த நோவும் இல்லாத மக்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 40 வயதுக்காரரில் 68 வீதமானவர்களின் டிஸ்க்கில் தேய்மானம் தெரிந்தது. 20 வயதிலேயே 37 வீதம். தலையில் நரை விழுவதுபோல்தான் இதுவும். நரையைப் பார்த்து நடப்பதை நிறுத்துவோமா?

நடையைச் சொன்னேன், அதை விரிவாகச் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவில் நாரி நோவு வந்து மாறிய 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. படிப்படியாகக் கூட்டி, கிழமைக்கு ஐந்து நாள், அரை மணித்தியாலம் நடப்பதை இலக்காக வைத்தவர்களுக்கு நோவு திரும்பி வர நடுமதிப்பாக 208 நாள் எடுத்தது. அந்த நடைத் திட்டத்தில் சேராதவர்களுக்கு 112 நாள். உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வெயில் தாழ்ந்த பிறகு பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். கடற்கரையில் நடப்பதென்றால் கால் புதையும் மணலில் வேண்டாம், அலை நனைத்த இறுகிய மணலில் நடங்கள். கரை சரிவாக இருப்பதால் போன வழியே திரும்பி வாருங்கள், இரண்டு காலுக்கும் சமமாகும். இன்னும் ஒரே ஒரு பயிற்சி: பின்னேரத்தில் கையும் முழங்காலும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நேராக நீட்டி எட்டு எண்ணும்வரை பிடித்து, பிறகு பக்கம் மாற்றுங்கள். ஐந்து தரம் போதும். எழும்பியவுடன் கால்விரலைத் தொடும் பயிற்சி செய்கிறவரானால் அதை உடனே நிறுத்துங்கள்.

ஒன்றை நான் நேரில் கேட்டிருப்பேன். காலை இறுக்கம் அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து, அசைய அசையக் குறைந்து, இரவின் பின்பாதியில் நித்திரையையும் குழப்புகிறதா? அப்படியென்றால் அது மூட்டு வாதமாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை தேவைப்படும். உங்களுக்குக் கூட்டக் கூட்டக் கூடுவதால் அப்படித் தோன்றவில்லை. ஆனால் பின்வருபவற்றில் ஏதாவது வந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். சிறுநீர் போக முடியாமல் அல்லது அடக்க முடியாமல் போவது, தொடைகளின் நடுவிலும் மலவாயைச் சுற்றியும் விறைத்துப்போவது, கால் பலமிழந்து பாதம் இழுபடுவது: அந்த மணித்தியாலமே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். நோவோடு காய்ச்சல், காரணமில்லாமல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது என்றாலும் வைத்தியரைக் காண வேண்டும். இவற்றில் ஒன்று இருக்கும்போது எண்ணெய் போட்டு உருவுவதும் முதுகை முறிப்பதும் ஆபத்து.

ஒரு பழைய கொப்பியை எடுங்கள். ஆறு கிழமைக்கு, ஒவ்வொரு நாளும் மூன்றே விடயம்: எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எத்தனை மணிக்குக் கூட்டினீர்கள், பத்துக்கு எத்தனை நோவு. நோவு பாதியாகக் குறையவில்லை என்றால் அந்தக் கொப்பியோடு என்னிடம் அல்லது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்கு வாருங்கள். எக்ஸ்ரேயைவிட அதைத்தான் முதலில் பார்ப்பேன்.