தம்பிக்கு 32 வயது, புகைப்பதில்லை, நுரையீரல் புற்றுநோய். ‘ஈ.ஜி.எப்.ஆர். நெகட்டிவ்’ என்று வந்துவிட்டது. இனி கீமோ மட்டும்தானா?

அந்த ஒரு றிப்போர்ட்டோடு முடிவெடுக்க வேண்டாம். ஈ.ஜி.எப்.ஆர். என்ற ஒரு மரபணுவில் தேடிய மாற்றம் அகப்படவில்லை என்பதே அதன் பொருள்; குளிசையால் குறிவைக்கக்கூடிய மாற்றங்கள் வேறு மரபணுக்களிலும் உண்டு. 40 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வருவது பெரும்பாலும் அடினோகார்சினோமா என்ற சுரப்பிக்கலப் புற்று. அதில் ஏ.எல்.கே., ரொஸ் 1 மரபணுக்கள் வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளும் இணைவுகளும் ஹேர் 2 மரபணு மாற்றமும் வயதானவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படும். குறிப்பிட்ட சில மாற்றங்களை மட்டும் தேடும் ஈ.ஜி.எப்.ஆர். பீ.சீ.ஆர். சோதனை இவற்றைத் தேடுவதே இல்லை. ஈ.ஜி.எப்.ஆரிலும் எக்ஸோன் 20 என்ற பகுதியில் புகும் செருகல்கள் பல அதற்குத் தப்பிவிடும்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் கிளினிக்கில் முதலில் கேளுங்கள்: பயொப்சித் துண்டை மெழுகில் பதித்த பிளொக்கில் மிச்சம் இருக்கிறதா? ஊசியால் எடுத்த சின்னத் துண்டு, என்ன வகைப் புற்று என்று பார்ப்பதிலேயே தீர்ந்துபோவதுண்டு. பல மரபணுக்களை ஒரேயடியாகப் படிக்கும் என்.ஜி.எஸ். சோதனை செய்யப் பொதுவாக 20% அளவு புற்றுக்கலங்களாவது வேண்டும். எடுத்த துண்டு, அதைக் கெடாமல் காக்கும் 10% போமலினில் 6 முதல் 48 மணித்தியாலம் இருந்தால் நல்லது. நீண்ட விடுமுறையில் அப்படியே கிடந்தால் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடும். எலும்பிலிருந்து எடுத்து அமிலத்தில் ஊறவைத்த பிளொக்கை அனுப்புவது காசைக் கரியாக்கும் வேலை.

துண்டு கொஞ்சமாக இருந்தால் முதலில் ஏ.எல்.கே. நிறமூட்டல் சோதனை. டி5எப்3 என்ற எதிர்ப்பொருளால் செய்யும் அந்தச் சோதனை பொசிட்டிவ் என்றால் அதை வைத்தே குளிசை தொடங்கலாம். ரொஸ் 1 அப்படியல்ல, பிஷ் (ஒளிரும் குறியால் மரபணுவைப் பார்க்கும் சோதனை) அல்லது என்.ஜி.எஸ். மூலம் உறுதிப்படுத்த வேண்டும். என்.ஜி.எஸ்.க்கு மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.யும் சேர்த்துக் கேளுங்கள், இணைவுகள் அதில்தான் நன்றாகப் பிடிபடும்.

பிளொக் போதாவிட்டால், இரத்தத்தில் கலந்திருக்கும் புற்றின் டி.என்.ஏ.யைச் சோதிக்கலாம். சாதாரண ஈ.டி.ரீ.ஏ. குழாயில் எடுத்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பாதீர்கள். வழியில் வெள்ளைக்கலங்கள் உடைந்து, புற்றின் டி.என்.ஏ. அதற்குள் மறைந்துவிடும். இதற்கென்றே பதப்படுத்திய குழாய் உண்டு. இரத்தத்தில் பொசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் மீண்டும் துண்டு எடுக்க வேண்டும்.

மூச்சுத்திணறல் கடுமையென்றால் கீமோவைத் தொடங்கலாம். ஆனால் இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து) மட்டும் முடிவு வரும்வரை பொறுக்கட்டும். ஈ.ஜி.எப்.ஆர்., ஏ.எல்.கே. மாற்றம் உள்ளவர்களுக்கு அதனால் பலன் குறைவு. அதன்பின் ஈ.ஜி.எப்.ஆர். குளிசையான ஒசிமேர்ட்டினிப் கொடுத்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடும்.

ஏ.எல்.கே. என்று வந்தால் அலெக்ற்றினிப் குளிசை, ஒரு வேளைக்கு 600 மி.கி., அதாவது 150 மி.கி. குளிசை 4, காலையும் மாலையும், சாப்பாட்டோடு. தசைநோவும் மலச்சிக்கலும் வரலாம். வெயில் தோலைச் சுடும், நம்மூர் வெயிலுக்குச் சொல்லவே தேவையில்லை: முழுக்கைச் சட்டை போடுங்கள்.

வீட்டில் தங்கைமார் இருந்தால் ‘பரம்பரை வியாதி’ என்ற கதை கலியாணப் பேச்சுவரை போகும். ஆனால் இந்த மரபணு மாற்றங்கள் புற்றுக்கலத்தில் மட்டும் பிறகு உண்டான மாற்றங்கள். சிகிச்சைக்கு முன்பே டி790எம் என்ற ஈ.ஜி.எப்.ஆர். மாற்றம் இருந்தால்தான், அது மிக அரிது, மரபணு ஆலோசனை கேட்க வேண்டும்.