சொட்டு எண்ணத் தெரிந்தால் போதும்: தைலக் கலவை பற்றிய கேள்வி பதில்

கோத்தகிரியில் என் வீட்டு முன்னறை அலமாரியில் நாற்பது ஐம்பது பழுப்புக் குப்பிகள் இருக்கின்றன. பதினெட்டு வருடமாக எசென்ஷியல் ஆயில்களை வாங்கி, முகர்ந்து, கலந்து, நோட்டில் எழுதி வைத்து வருகிறேன். பெரிய விலை கொடுத்து பிராண்ட் கலவை வாங்குவதற்குப் பதில் நாமே செய்துகொள்வது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன மாதம் சொல்லியிருந்தேன். மலையிலிருந்தும் கீழே சமவெளியிலிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் இலையை வடித்து எடுப்பதும் தைலம், மூலிகை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயும் தைலம். இங்கே நான் தைலம் என்று சொல்வதெல்லாம் வடித்தெடுத்த, காட்டமான முதல் வகையைத்தான். கணக்கு எளிது: ஏறக்குறைய 20 சொட்டு 1 மில்லி.

கேள்வி (குன்னூர்): அக்கா, சளி பிடித்தால் முகர என்று ஒரு வெளிநாட்டுக் கலவை வாங்கினேன். 15 மில்லிக்கு ஒரு மாத மளிகைக் காசு போய்விட்டது. இதை வீட்டிலேயே செய்ய முடியாதா?

முடியும் தங்கச்சி. குப்பியைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தாவரப் பெயரோடு போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அதிகம் சேர்ந்தது முதலிலும் குறைவாகச் சேர்ந்தது கடைசியிலும் இருக்கும். அளவைத்தான் சொல்ல மாட்டார்கள். அதை மூக்கை வைத்துத்தான் பிடிக்க வேண்டும், இரண்டு மூன்று முயற்சியில் பிடித்துவிடலாம்.

நான் செய்வது இது: யூகலிப்டஸ் 8 சொட்டு, ரோஸ்மேரி 5, எலுமிச்சைத் தோல் தைலம் 5, புதினா 2. மொத்தம் 20 சொட்டு, அதாவது 1 மில்லி. முதல் தடவையே பத்து மில்லி கலக்காதீர்கள். இப்படி ஒரு மில்லி கலந்து, மூடி, இரண்டு நாள் விட்டு முகர்ந்து பாருங்கள். கலந்த உடனே புதினா மட்டும்தான் தலைதூக்கும். இரண்டு நாளில் எல்லாம் ஒன்றோடு ஒன்று இணங்கிவிடும். பிடித்தால் அதே விகிதத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள். டிஃப்யூசரில், அதாவது மணத்தை அறையில் பரப்பும் கருவியில், மூன்று நான்கு சொட்டு போதும். டிஃப்யூசர் இல்லையென்றால் ஒரு கைக்குட்டையில் இரண்டு சொட்டு. இது பெரியவர்களுக்கு மட்டும். குழந்தை விஷயம் கீழே தனியாகச் சொல்கிறேன்.

யூகலிப்டஸ் நம் மலையிலேயே வடிக்கிறார்கள், ரோஸ்மேரி நம் மலையிலேயே விளைகிறது. அந்தக் குப்பியில் நீங்கள் கொடுத்த காசில் பெரும்பங்கு பெயருக்கும் பெட்டிக்கும் விற்பனைச் சங்கிலிக்கும் போனதுதான். 'தெரப்யூட்டிக் கிரேடு' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு தரத்தை அரசோ பொதுவான தர அமைப்போ கொடுப்பதில்லை. அது கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்.

கேள்வி (ஊட்டி, இன்னும் நான்கு பேர்): கடைத்தெருவில் விற்கும் தைலம் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். யூகலிப்டஸ், எலுமிச்சை, லெமன்கிராஸ் (எலுமிச்சைப் புல்) போன்றவை பறந்துபோய்விடும், எண்ணெய்க் கறை நிற்கக் கூடாது. பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி ஒளி ஊடுருவும் கறை நின்றால், சமையல் எண்ணெய் மாதிரி ஏதோ சேர்ந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம் போன்ற கெட்டித் தைலங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவை லேசில் பறக்காது. அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விடுங்கள். தனியாக மிதக்க வேண்டும், இல்லையென்றால் கிராம்பு மாதிரி மூழ்க வேண்டும். பால் மாதிரி கலங்கினால் ஏதோ சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு சோதனையும் முரட்டுக் கலப்படத்தை மட்டும்தான் காட்டும். உதாரணத்துக்கு, விண்டர்கிரீன் என்ற செடியின் இலையிலிருந்து வடிக்கும் தைலம். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள்தான். அதே பொருளைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்கிறார்கள். மூக்காலும் தாளாலும் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஆகவே லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைத்தால் அது இலையிலிருந்து வந்ததல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் செடி, எங்கே வடித்தது, எப்போது வடித்தது. நல்ல கடைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார். பெரிய அளவில் வாங்குபவர்கள் ஜி.சி. (கேஸ் குரோமடோகிராஃபி) என்ற ஆய்வகச் சோதனை அறிக்கையும் கேட்கலாம், அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று இருக்கும்.

கேள்வி (கொடைக்கானல்): எங்கள் தோட்டத்து ஓரம் முழுக்க யூகலிப்டஸ் மரம். குக்கரில் வைத்து நானே தைலம் எடுக்கலாமா?

தயவுசெய்து குக்கரில் வேண்டாம். வெயிட் போடும் குழாயில் ரப்பர் குழாய் செருகி எடுப்பதை வீடியோவில் காட்டுகிறார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிக்கும். தைலமோ எளிதில் தீப்பிடிப்பது.

ஒரு தைலக் கொட்டகையைப் போய்ப் பாருங்கள், அப்போது தெரியும். பெரிய இரும்பு டிரம்மில் அடியில் தண்ணீர், அதன் மேல் இலை. ஆள் உள்ளே இறங்கி மிதித்து மிதித்து அடைப்பார். மூடி வைத்து, விளிம்பில் ஆவி போகாமல் மண் பூசுவார்கள். அடுப்புக்கு விறகு வேறெங்கும் தேட வேண்டாம், முந்தைய தடவை வடித்து முடித்துக் காயவைத்த இலையே எரியும். ஆவி ஒரு குழாய் வழியாக ஓடைத் தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து, அந்தப் பக்கம் ஒரு தகர டப்பாவில் சொட்டும். தண்ணீர் கீழே, தைலம் மேலே, இளமஞ்சளாக ஒரு விரல் கனத்துக்கு நிற்கும். அருகில் நின்றால் கண் கரிக்கும். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தைலம்தான் கிடைக்கும். உங்கள் குக்கரில் ஒரு கிலோ இலை அடைத்தால் பத்து கிராம் வரலாம், அதில் பாதி பாத்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

விண்டர்கிரீன் இன்னும் விசித்திரம். பறித்த இலையில் அந்த மணம் தயாராக இருப்பதில்லை. கசக்கினாலோ வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தாலோதான் உருவாகிறது. அதனால் ஊறவைத்த பிறகுதான் வடிப்பார்கள். தைலம் தண்ணீரைவிடக் கனம், டப்பாவின் அடியில் போய்த் தங்கும். எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க அலுப்பதே இல்லை.

கேள்வி (கட்டபெட்டு): அப்பா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். முழங்கால் வலிக்குத் தேய்க்க ஒரு எண்ணெய் சொல்லுங்கள் அக்கா.

100 மில்லி நல்லெண்ணெயில் விண்டர்கிரீன் 1 மில்லி, யூகலிப்டஸ் 1 மில்லி, கிராம்புத் தைலம் அரை மில்லி. மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் கிடைக்கும், அதில் அளந்தால் தப்பாது. ஒவ்வொரு தைலத்துக்கும் தனி சிரிஞ்ச். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நம் குளிரில் வருடத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கும். சூடு பறக்கத் தேய்த்துவிடுங்கள், நிம்மதியாக இருக்கும். மூட்டுத் தேய்மானம் இதனால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இப்போது முக்கியமானது. அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதா? இரண்டில் எது இருந்தாலும் விண்டர்கிரீன் வேண்டாம். அது தோல் வழியாகவே ரத்தத்துக்குள் போகும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தேய்க்கக் கூடாது. எண்ணெயில் கலந்து இளக்காத விண்டர்கிரீனில் ஒரு டீஸ்பூன், இருபதுக்கு மேற்பட்ட பெரிய ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். சிறு குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. மிட்டாய் மாதிரி மணக்கும் என்பதால் பூட்டி வையுங்கள்.

கேள்வி (கூடலூர்): எட்டு மாதப் பாப்பாவுக்கு மூக்கடைப்பு. பாட்டி நீலகிரித் தைலத்தை மூக்கின் கீழ் தடவச் சொல்கிறார்.

தடவாதீர்கள் அம்மா. பாட்டி அன்பால் சொல்கிறார், தலைமுறையாக அப்படித்தான் செய்தோம். ஆனால் யூகலிப்டஸும் கற்பூரமும் கைக்குழந்தையின் மூச்சையே தடுமாற வைக்கக்கூடியவை. தலையணையிலும் வேண்டாம், நெஞ்சிலும் வேண்டாம். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கிறது. பால் குடிக்கத் திணறினாலோ மூச்சு வேகமானாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

எந்தக் குழந்தையாவது தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். குப்பியையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வலிப்பு சில நிமிடங்களிலேயே வரலாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): தண்ணீரில் ஒரு சொட்டு எலுமிச்சைத் தைலம் விட்டுத் தினமும் குடித்தால் நல்லது என்று விற்பவர் சொன்னார்.

வேண்டாம். எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து குடியுங்கள்.

கேள்வி (வெலிங்டன்): லெமன்கிராஸ் தைலம் பத்து சொட்டு குளிக்கும் வெந்நீரில் விட்டேன். தொடை, வயிறு எல்லாம் சிவந்து எரிந்தது. போலித் தைலமா?

அசலாகவே இருக்கலாம் தம்பி, அதனால்தான் எரிந்தது. தைலம் தண்ணீரில் கரையாது. மேலே படலமாக மிதந்து, இளக்காமல் அப்படியே தோலில் ஒட்டும். லெமன்கிராஸில் முக்கால் பங்குக்கு சிட்ரால் என்ற மணப்பொருள் இருக்கிறது, தோலை உறுத்துவதில் அது முன்னால் நிற்கும். எரியும்போது தண்ணீரை ஊற்றிப் பயனில்லை. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட வேண்டும்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பதே இந்த அளவுதான். 30 மில்லி எண்ணெயில் 6 சொட்டு விட்டால் 1 சதவீதம், 12 விட்டால் 2 சதவீதம். முகத்துக்கு 1 சதவீதமோ அதற்கும் குறைவோ; உடம்புக்கு 2. லெமன்கிராஸ் என்றால் 30 மில்லிக்கு 4 சொட்டுக்கு மேல் போகாதீர்கள். கிராம்புக்கு 3. லவங்கப்பட்டைத் தைலத்தைத் தோல் பக்கமே கொண்டுவராதீர்கள். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தைலம் தடவிய இடத்தில் வெயில் பட்டால் கருத்துப் புண்ணாகும். மலை வெயில் குளிரில் உறைக்காது, ஆனால் கடுமையானது. புதுக் கலவை எதுவானாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): லாவெண்டரும் ரோஜாத் தைலமும் எட்டாத விலை. நல்ல வாசனைக் கலவை வேறு எதில் செய்யலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! ஜெரேனியம் இலையைக் கசக்கி முகர்ந்திருக்கிறீர்களா? ரோஜாவுக்கு அக்கா மாதிரி இருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்வதுதான். அதோடு பால்மரோசா புல் தைலம். இரண்டிலும் ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் இருக்கிறது. ஜெரேனியம் 6, பால்மரோசா 3, வெட்டிவேர் 1 என்று கலந்து பாருங்கள்.

அந்த ஒரு சொட்டு வெட்டிவேர் எதற்கு என்றால், அதுதான் அடித்தளம். எலுமிச்சை, புதினா மாதிரி சில தைலங்கள் வந்த வேகத்தில் பறந்துவிடும். ஜெரேனியம், ரோஸ்மேரி நடுவில் நிற்கும். வெட்டிவேர், சந்தனம், பச்சோலி கடைசிவரை தங்கி, மற்றவற்றையும் பிடித்து வைக்கும். வெட்டிவேர் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும், குளிர்காலக் காலையில் சொட்டவே சொட்டாது. குப்பியைக் கைக்குள் ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு இரண்டானால் மொத்தக் கலவையும் மழை பெய்த மண்ணாகிவிடும். எனக்கு அதுவும் பிடிக்கும்தான்.

கேள்வி (திருப்பூர்): எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும்? வீட்டில் பூனை இருக்கிறது, பரவாயில்லையா?

பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், கழுத்துவரை நிரப்பி, இருட்டில் வையுங்கள். எலுமிச்சை வகை ஒரு வருடம், யூகலிப்டஸ் இரண்டு மூன்று வருடம், வெட்டிவேர் ஆக ஆக மெருகேறும். காற்றுப்பட்டுப் பழசான எலுமிச்சைத் தைலம் தோலில் அலர்ஜி கிளப்பும். அதை முகத்துக்கு வைக்காதீர்கள். ரப்பர் டிராப்பரை மூடியாகப் போட்டு வைத்தால் ரப்பர் இளகிக் குழைந்து தைலத்துக்குள்ளேயே விழும். பிளாஸ்டிக்கும் வேண்டாம்.

பூனையின் ஈரலுக்கு இவற்றை உடைத்து வெளியேற்றும் சக்தி குறைவு. அது இருக்கும் அறையில் டிஃப்யூசர் வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): நான் கலந்ததை அக்கம்பக்கத்தில் விற்கலாமா?

அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு. உடம்பில் பூசுவதைத் தயாரித்து விற்க 2020-ஆம் ஆண்டு காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி உரிமம் வேண்டும். 'வலி போகும், சளி தீரும்' என்று லேபிளில் எழுதினால் அது மருந்துக் கணக்கில் போய்விடும். முதலில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி (அருவங்காடு): நான் இப்போதுதான் தொடங்குகிறேன். முதலில் எதை வாங்கட்டும்?

யூகலிப்டஸ், ரோஸ்மேரி, ஜெரேனியம், லெமன்கிராஸ், ஐந்து மில்லி வெட்டிவேர். அரை லிட்டர் செக்கு நல்லெண்ணெய். நான்கு சிறு பழுப்புக் குப்பி. கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. எத்தனை சொட்டு, எந்தத் தேதி, முதல் நாள் எப்படி மணந்தது, மூன்றாம் நாள் எப்படி என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். எழுதாமல் கலந்த ஒரு நல்ல மணத்தை இரண்டு வருடம் தேடியும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் வரும்போது நோட்டையும் குப்பிகளையும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து முகர்ந்து பார்ப்போம்.