கரோப் பொடியை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது?

கேள்வி: ஆச்சி, துபாயில் இருக்கும் மகன் லீவுக்கு வந்தபோது கரோப் பொடி ஒரு பாக்கெட் வைத்துவிட்டுப் போனான். கோகோ மாதிரி இருக்கிறதே என்று பாலில் கலந்து கொடுத்தால், பேரப்பிள்ளைகள் "இது சாக்லேட் இல்லை" என்று டம்ளரைத் தள்ளிவிட்டார்கள். நம் செட்டிநாட்டு இனிப்பான கும்மாயத்தில், பணியாரத்தில் சேர்த்துப் பார்க்கலாமா?
- தேவகோட்டை வாசகி

பதில்: பிள்ளைகள் சொன்னது சரிதான், அது சாக்லேட் இல்லை. நிறத்தைப் பார்த்து கோகோவுக்குப் பதிலாகப் போடுவதால்தான் நிறையப் பேருக்கு இது பிடிக்காமல் போகிறது. கோகோவில் கசப்பும் கொழுப்பும் உண்டு. கரோப்பில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது, இனிப்புதான் அதிகம். சைப்ரஸ், ஸ்பெயின், மொராக்கோ பக்கம் வளரும் மரம் அது, நம் புளியமரத்தின் தாவரக் குடும்பம்தான். காய் முற்றிக் காய்ந்ததும் கொட்டையை நீக்கி, சதையை வறுத்து அரைத்தால் உங்கள் பாக்கெட்டில் இருக்கும் பொடி. அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஆகவே நம் அடுப்படியில் அதைக் கருப்பட்டியோடு சேர்த்துத்தான் பார்க்கணும்.

கும்மாயத்துக்கு அருமையாகப் பொருந்தும். ஒரு கப் கும்மாய மாவுக்கு 2 டேபிள்ஸ்பூன் போதும், கருப்பட்டியை வழக்கத்தைவிடக் கால் பங்கு குறைத்துவிடுங்கள். ஆனால் மாவை நெய்யில் வறுக்கும்போது இதையும் சேர்த்து வறுக்கவே கூடாது. ஏற்கெனவே வறுபட்ட பொடி, சர்க்கரையும் நிறைய, சட்டென்று கரிந்து முழுச் சட்டியும் கசந்துவிடும். வடிகட்டிய கருப்பட்டிப் பாகில் கொஞ்சம் தனியே எடுத்து அதில் கட்டியில்லாமல் குழைத்து வைத்துக்கொண்டு, மாவு வெந்து நெய் பிரிகிற சமயம் ஊற்றிக் கிளறி இறக்கிவிடுங்கள்.

கருப்பட்டிப் பணியார மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம், சீக்கிரம் சிவக்கும் என்பதால் தீயைத் தணித்து வையுங்கள். வெள்ளைப் பணியாரத்தில் வேண்டவே வேண்டாம். கவுனி அரிசியிலும் வேண்டாம், அதன் மணமே அதற்குப் போதும், அதை மூடுவது பாவம்.

பாலுக்கு வாருங்கள். குளிர்ந்த பாலில் இது கரையாது. ஒரு டம்ளர் பாலுக்கு 2 டீஸ்பூன் பொடியைக் கொஞ்சம் வெந்நீரில் கூழாகக் குழைத்து, பாலை ஊற்றி ஒரு கொதி விட்டு, ஏலக்காயோ சுக்கோ தட்டிப் போடுங்கள். நார்ச்சத்து நிறைய இருப்பதால் அடியில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும், வடிகட்டிக் கொடுங்கள். அப்புறம் பிள்ளைகளிடம் சாக்லேட் பால் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், கரோப் பால் என்றே சொல்லுங்கள்.

கேள்வி: ராத்திரி காபி குடித்தால் தூக்கம் வருவதில்லை, சர்க்கரை வியாதியும் இருக்கிறது. கரோப் குடிக்கலாமா?
- காரைக்குடி வாசகர்

பதில்: தூக்கத்தைப் பொறுத்தவரை தாராளமாகக் குடிக்கலாம் அண்ணே, இதில் காஃபின் இல்லை. சர்க்கரை விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். "சர்க்கரை சேர்க்காதது" என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் பொடியிலேயே சர்க்கரை இருக்கிறதே, அது எங்கே போகும்? ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், மேலே வெல்லமோ கருப்பட்டியோ சேர்க்காதீர்கள், அதையும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று, இதில் துவர்ப்பு உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளில் வயிற்றுப்போக்குக்கே கொடுப்பார்கள், மலச்சிக்கல் இருந்தால் பார்த்துக் குடியுங்கள்.

கேள்வி: ஐஸ்கிரீம் கெட்டியாவதற்குக் கரோப் போடுவார்களாமே? வீட்டில் போட்டேன், கெட்டியாகவில்லை.
- பொன்னமராவதி வாசகி

பதில்: கெட்டியாக்குவது கொட்டையிலிருந்து எடுக்கும் பிசின், லேபிளில் 410 என்ற எண்ணோடு இருக்கும். நீங்கள் போட்டது சதைப்பொடி. ருசிக்கு மட்டும்தான் உதவும்.

கேள்வி: நாய்க்குச் சாக்லேட் ஆகாது, கரோப் பிஸ்கட் கொடுக்கலாமா?
- கானாடுகாத்தான் வாசகர்

பதில்: கொடுக்கலாம். சாக்லேட்டில் இருக்கிற, நாய்க்கு ஆகாத தியோப்ரோமின் என்ற பொருள் இதில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டுக் கொடுங்கள். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிட்டால் என்று இருந்தால் ஒரு துண்டுகூடக் கூடாது, அது நாய்க்கு விஷம்.