மகனீசியம் எரிந்த சாம்பலில் நீர் விட்டால் அமோனியா மணப்பது ஏன்?

மகனீசிய நாடா எரிந்தால் மகனீசியம் ஒட்சைட்டு வரும் என்றுதானே படித்தோம், பிறகு அமோனியா எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றிலிருந்துதான். காற்றில் 78 சதவீதம் நைதரசன். லேசில் எதனோடும் சேராத வாயு. ஆனால் மகனீசியம் எரியும் சூட்டுக்கு அதுவும் தப்பாது. ஒட்சைட்டோடு கொஞ்சம் மகனீசியம் நைத்திரைட்டும் உண்டாகும். அதில் நீர் பட்டால் மகனீசியம் ஐதரொட்சைட்டும் அமோனியாவும் வரும்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். போன மாரியில் ஒரு பிள்ளை 0.24 கிராம் நாடாவைச் சான்ட் பேப்பரால் தேய்த்து, சுருட்டி, புடக்குகையில் (கடுஞ்சூடு தாங்கும் சிறு கிண்ணம்) மூடி போட்டுச் சூடாக்கினாள். கணக்குப்படி 0.40 கிராம் வர வேண்டும். வந்தது 0.38.

"சேர், தராசு பிழை போல."

தராசு சரி. மூடிக்குக் கீழே ஒட்சிசன் முதலில் தீர்ந்துபோக, மிஞ்சிய நைதரசனோடு மகனீசியம் சேர்ந்துவிட்டது. 24 கிராம் மகனீசியம் முழுக்க ஒட்சைட்டானால் 40 கிராம். முழுக்க நைத்திரைட்டானால் 33 கிராம் சொச்சம்தான். புகையாகக் கொஞ்சம் போவதும் உண்டு.

சாம்பலைக் கிட்டப் பார்க்கச் சொன்னேன். வெள்ளைக்கு நடுவே மங்கலான பச்சை மஞ்சள் திட்டுகள். அவைதான் நைத்திரைட்டு. ஆறியதும் நாலைந்து துளி காய்ச்சி வடித்த நீர் விட்டு, மெல்லச் சூடாக்கி, ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாளை மேலே பிடித்தாள். ஓரத்திலிருந்து நீலம் ஏறியது; அமோனியா காரம் என்பதால் தாள் நிறம் மாறியது. அப்புறம் நன்றாகச் சூடாக்கினோம். ஐதரொட்சைட்டிலிருந்த நீர் பிரிந்து எல்லாம் ஒட்சைட்டானது. திரும்ப நிறுத்தபோது 0.40க்குக் கிட்ட வந்துவிட்டது.

பாடத்தில் ஒட்சைட்டை மட்டும் எழுதுவது பிழையில்லை, பெரும்பங்கு அதுதான். ஆனால் நைத்திரைட்டைச் சொல்லிக் கொடுக்காவிட்டால், பிள்ளைகள் தாங்கள் கண்ட 0.38ஐ அழித்துவிட்டு 0.40 என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காதது இதுதான்.

நீங்கள் செய்து பார்ப்பதென்றால், நிறுக்கும் முன் புடக்குகையை உலர்த்தியில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வைத்து ஆற விடுங்கள். மாரிக் காற்று அவ்வளவு ஈரம்; வீட்டில் ஆனையிறவு உப்பே கசிந்துவிடுகிறது. (அந்தக் கசிவும் ஒரு மகனீசியச் சேர்வையின் வேலைதான்: உப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு.) சுடரை நேரே பார்க்க வேண்டாம். எரியும் மகனீசியத்தில் தண்ணீரோ காபனீரொட்சைட்டு அணைப்பானோ அடிக்கவே கூடாது. இரண்டிலிருந்தும் ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் எரியும். பக்கத்தில் உலர்ந்த மணல் வையுங்கள்.