சிலியையும் ஹவாயையும் ஒப்பிடும்போது எதை எதோடு வைப்பது?

கேள்வி: சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'சிலி, ஹவாய் சமூகங்களின் சமூக, பொருளாதார நிலை: ஓர் ஒப்பீடு' என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. ஆண்டுக்குத் தனிநபர் உற்பத்தி சிலியில் சுமார் 17,000 டாலர், ஹவாயில் சுமார் 75,000 டாலர் என்று எடுத்து வைத்திருக்கிறேன். ஹவாய் மக்கள் நான்கு மடங்குக்கு மேல் வசதியாக இருக்கிறார்கள் என்று எழுதலாமா? பூர்வகுடிகளுக்கு ஒரு தனி அத்தியாயம் வைத்தால் போதுமா? எந்தப் புள்ளிவிவரங்களை நம்பி எடுக்கலாம்?

பதில்: அப்படி எழுத வேண்டாம். நீங்கள் எடுத்த எண்கள் சரிதான், 2023 வாக்கில் நிலவரம் அதுதான். ஆனால் அவற்றிலிருந்து நீங்கள் சொல்ல நினைக்கும் முடிவு நிற்காது.

முதலில், இரண்டும் ஒரே வகை அலகுகள் இல்லை. சிலி, ஒன்றேமுக்கால் கோடிக்கும் மேலான மக்கள் வாழும் தனி நாடு. சொந்த நாணயம், சொந்த மத்திய வங்கி, தாமிர ஏற்றுமதி எல்லாம் அதற்கு உண்டு. ஹவாய் 1959-இல் சேர்ந்த அமெரிக்க மாநிலம். 2020 கணக்கெடுப்பின்படி 14,55,271 பேர். அதன் வருமானத்தில் சுற்றுலாவும் அமெரிக்க ராணுவச் செலவும் பெரும்பங்கு. நாட்டையும் மாநிலத்தையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது என்று சட்டம் ஏதுமில்லை. வைத்தால் எதை அளக்கிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஒரு தொழிலாளியின் சம்பளத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 2024-இல் ஹவாயில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14 டாலர். வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 2,400 டாலர். அதே ஆண்டு ஜூலையில் சிலியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5 லட்சம் பெசோ ஆனது. அன்றைய மாற்று விகிதத்தில் 530 டாலர் அளவுக்கு வரும். நான்கரை மடங்கு வித்தியாசம். உங்கள் தனிநபர் உற்பத்திக் கணக்கும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. ஆனால் ஹவாயில் அந்த 2,400 டாலரை வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனால் கதை மாறிவிடும். ஓவாஹு தீவில் விற்பனையாகும் தனி வீட்டின் நடுநிலை விலை 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. ஒரு காசு கூடச் செலவழிக்காமல் அந்தக் கூலி முழுவதையும் சேர்த்தாலும் 35 ஆண்டுக்கு மேல் ஆகும்.

சாப்பாட்டுச் செலவும் இப்படித்தான். ஹவாய் மக்கள் உண்பதில் மிகப் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. 1920-இல் வந்த ஜோன்ஸ் சட்டத்தின்படி, அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாகவும் அமெரிக்கருக்குச் சொந்தமானதாகவும் இருக்க வேண்டும். மாலுமிகளும் பெரும்பாலும் அமெரிக்கர்களே. ஆக, கலிஃபோர்னியாவிலிருந்து வரும் அரிசி மூட்டைக்குக் கப்பல் கூலி கூடுதல். அதற்கு மேல் மாநிலத்தின் 4 விழுக்காடு பொது விற்பனை வரி மளிகைச் சாமானுக்கும் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் மளிகைக்கு இப்படி முழு வரி போடுவதில்லை.

இதனால் ஹவாயின் வறுமை விகிதத்தை எடுக்கும்போது கவனமாக இருங்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் அதிகாரபூர்வ வறுமைக் கோடு நாடு முழுக்க ஒரே கோடு. வாடகை மலிவான மிசிசிப்பிக்கும் ஹோனலூலுவுக்கும் அதே தொகைதான். அதைக் கொண்டு அளந்தால் ஹவாயில் ஏழைகள் குறைவு என்று வரும். அதே துறை வெளியிடும் துணை வறுமை அளவீடு வீட்டுச் செலவை ஊர்வாரியாகக் கணக்கில் கொள்கிறது. ஹவாய்க்கு அதைத்தான் எடுக்க வேண்டும். சமத்துவமின்மையிலும் இதே எச்சரிக்கை. கினிக் குறியீடு (0 என்றால் முழுச் சமத்துவம், 1 என்றால் முழுச் சமமின்மை) இரண்டு இடத்திலும் 0.45-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதைப் பார்த்து 'இருவரும் ஒன்றே' என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்க எண் வரி கழிக்கும் முன் குடும்பத்துக்கு வரும் பணத்தை வைத்துப் போட்டது. சிலிக்கு உலக வங்கி தரும் எண்ணில் வருமானத்தை வரையறுக்கும் விதமே வேறு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பூர்வகுடிகளைத் தனி அத்தியாயத்தில் ஒதுக்க வேண்டாம், அவர்களையே ஆய்வின் மையமாக வையுங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. சிலிக்கும் ஹவாய்க்கும் உண்மையான உறவு அங்கேதான் இருக்கிறது. ஈஸ்டர் தீவு என்று நாம் படித்த ராப்பா நூயி சிலிக்குச் சொந்தம். அங்குள்ள மக்கள் ஹவாய்ப் பூர்வகுடிகளின் உறவினர்கள். இருவருமே பசிபிக்கில் படகோட்டிப் பரவிய பாலினேசியர்கள். அவர்கள் பரவிய கடற்பரப்பான பாலினேசிய முக்கோணத்தின் வடமுனை ஹவாய், கிழக்குமுனை ராப்பா நூயி. ஒரே வேரில் வந்த இரண்டு சமூகங்கள், பத்தாண்டு இடைவெளிக்குள் இரண்டு வெவ்வேறு அரசுகளின் கைக்குப் போயின. ராப்பா நூயியை 1888-இல் சிலி எடுத்துக்கொண்டது. ஹவாயில் 1893-இல் அரசி லிலியுவோகலானியைக் கவிழ்த்தார்கள், 1898-இல் அமெரிக்கா இணைத்துக்கொண்டது. ஒப்பிட இதைவிட நல்ல இணை உங்களுக்குக் கிடைக்காது.

இந்த இணையில் முதலில் பார்க்க வேண்டியது நிலம். வருமானமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஹவாயில் 1848-இல் 'மஹேலே' என்ற நிலப் பங்கீடு நடந்தது. அதுவரை நிலத்துக்குத் தனியார் பட்டா கிடையாது. அரசர், தலைவர்கள், அரசு என்று பிரித்தபின், 1850-இல் குடிமக்களும் தாங்கள் பயிரிட்ட நிலத்துக்கு மனுக் கொடுக்கலாம் என்றார்கள். கடைசியில் சாதாரண ஹவாயியர் கைக்கு வந்தது மொத்த நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வெளிநாட்டவரும் நிலம் வாங்கலாம் என்ற சட்டமும் அதே 1850-இல் வந்துவிட்டது. கரும்புத் தோட்டங்கள் பெருகின. 1898-இல் அரச நிலமும் அரசு நிலமுமாக ஏறத்தாழ 18 லட்சம் ஏக்கர் அமெரிக்காவிடம் போனது.

ராப்பா நூயி மக்கள் பட்டது இன்னும் கொடுமை. 1862-63-இல் பெருவின் அடிமை வேட்டைக் கப்பல்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போயின. திரும்பி வந்த சிலரோடு அம்மையும் வந்தது. 1877-இல் தீவில் மிஞ்சியவர்கள் 111 பேர். சிலி எடுத்துக்கொண்ட சில ஆண்டுகளிலேயே தீவு ஆட்டுப் பண்ணைக்குக் குத்தகை போனது. 1953 வரை அந்தக் குத்தகை நீடித்தது. செம்மறி ஆடுகள் தீவெங்கும் மேய, தீவின் சொந்தக்காரர்களை ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் சுவர் வைத்து அடைத்தார்கள். தம் முன்னோர் சிலை நிற்கும் இடத்துக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டும். 1933-இல் தீவு முழுவதையும் சிலி அரசு தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. 1964-இல் அல்ஃபோன்சோ ராப்பு என்ற இளம் ஆசிரியர் தலைமையில் மக்கள் எழுந்தபின், 1966-இல்தான் அவர்களுக்கு முழுக் குடியுரிமையே வந்தது. இந்த வரலாற்றை முன்னுரையில் இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். இன்றைய எண்கள் எல்லாம் இதிலிருந்து வந்தவை.

இன்றைய நிலைக்கு வருவோம். ஹவாயில் 1921-இல் கையெழுத்தான ஹவாய்க் குடியிருப்புச் சட்டம் ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கரைப் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கியது. ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகை, 99 ஆண்டுக் குத்தகை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 50 விழுக்காடு ஹவாய் இரத்தம் இருப்பதாக நிரூபிக்க வேண்டும். பாட்டன் பூட்டன் பிறப்புச் சான்று தேடி அலைந்து அதை நிரூபித்தவர்கள் காத்திருக்கும் பட்டியலில் 28,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பல பத்தாண்டு காத்திருந்து, நிலத்தைப் பார்க்காமலே இறந்தவர்கள் ஏராளம். இந்தத் தாமதத்துக்காக 1999-இல் தொடுத்த வழக்கு 2022-இல்தான் 32.8 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. அதற்குள் வழக்காடியவர்களிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் இறந்துவிட்டார்கள். அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் இந்தத் திட்டத்துக்கு 60 கோடி டாலர் ஒதுக்கியது. இவ்வளவு பெரிய தொகை இதற்கு முன் வந்ததில்லை.

ராப்பா நூயியில் நிலைமை வேறு. சிலியின் 1993 பூர்வகுடிச் சட்டப்படி பூர்வகுடி நிலத்தை வெளியாருக்கு விற்க முடியாது. சாந்தியாகோவின் பணக்காரர் எவரும் அங்கே கடற்கரை மனை வாங்கிப் பங்களா கட்ட முடியாது. தீவின் பெரும்பகுதி இன்னும் அரசின் பெயரில்தான் இருக்கிறது என்பது பெரிய குறை. அதற்காகப் போராட்டங்கள் நடந்தன, 2010-இல் போலீஸ் தாக்குதலில் பலர் காயப்பட்டார்கள். ஆனாலும் ஊருக்குள் இருக்கும் நிலம் சந்தைக்குப் போகாமல் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. 2017 இறுதியில் தேசியப் பூங்காவின் நிர்வாகமும் 'மாஉ ஹெனுவா' என்ற பூர்வகுடி அமைப்பின் கைக்கு வந்தது. தீவின் பரப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அந்தப் பூங்காதான். 'மோவாய்' என்ற அந்த முன்னோர் சிலைகளைப் பார்க்க வருபவர் வாங்கும் நுழைவுச் சீட்டுப் பணம் அவர்களிடமே சேர்கிறது. 2018 முதல், வெளியிலிருந்து வருபவர் 30 நாளுக்கு மேல் தங்க முடியாது. சிலி நாட்டவருக்கும் இந்த விதி பொருந்தும். ஹவாய் இப்படி ஒரு விதி போட நினைத்தாலும் முடியாது. அமெரிக்கக் குடிமகன் எந்த மாநிலத்திலும் போய்க் குடியேறலாம் என்பது அரசியலமைப்பு தரும் உரிமை. 2019-இல் மட்டும் ஹவாய்க்கு 1.04 கோடிப் பயணிகள் வந்தார்கள்.

இதை வைத்து ராப்பா நூயி மக்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்றும் எழுதிவிடக் கூடாது. பெருநிலத்திலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர். பெரிய கப்பல் ஒதுங்கத் துறைமுகம் இல்லாததால் சரக்கை நடுக்கடலில் படகுக்கு மாற்றிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அலை பெரிதானால் கப்பல் காத்துக்கிடக்கும். கடையில் விலை ஏறும். பல்கலைக்கழகம் இல்லை. பெரிய நோய் என்றால் ஐந்து மணி நேர விமானப் பயணம். ஹவாயில் பல்கலைக்கழகத்துக்குப் பத்து வளாகங்கள் இருக்கின்றன. 1974 முதல், வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. மொழியிலும் ஹவாய் முந்தி நிற்கிறது. 1896-இல் பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட ஹவாய் மொழி 1978-இல் ஆட்சிமொழி ஆனது. 1984-இல் தொடங்கிய 'பூனானா லேயோ' மழலைப் பள்ளிகளில் படித்த தலைமுறை இன்று தன் பிள்ளைகளோடு அந்த மொழியில் பேசுகிறது. ராப்பா நூயி மொழியில் வீட்டில் பேசும் குழந்தைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இது.

ஆய்வேட்டின் முக்கிய அட்டவணையாக நான் வைக்கச் சொல்வது ஊரில் இருப்பவர், வெளியே போனவர் கணக்கைத்தான். சிலியின் 2017 கணக்கெடுப்பில் தம்மை ராப்பா நூயி என்று சொன்னவர்கள் 9,399 பேர். அந்த ஆண்டு தீவின் மொத்த மக்கள்தொகை 7,750, அதிலும் ராப்பா நூயி மக்கள் பாதிக்கும் குறைவு. அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பில் ஹவாய்ப் பூர்வகுடிகள் 6,80,442 பேர், அவர்களிலும் பாதிக்கு மேல் ஹவாய்க்கு வெளியே வாழ்கிறார்கள். லாஸ் வேகாஸ் நகரை அவர்களே 'ஒன்பதாவது தீவு' என்கிறார்கள். எண்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் வேறு. ராப்பா நூயி இளைஞர் பெரும்பாலும் படிப்புக்கும் வேலைக்கும் வெளியே போகிறார். ஊரில் குடும்ப நிலம் இருப்பதால் திரும்பி வர வழி உண்டு. ஹவாயியர் வீட்டு விலைக்குப் பயந்து போகிறார். ஒருமுறை விட்டால் திரும்ப வாங்க முடிவதில்லை. அவருடைய டாலர் சம்பளம் ராப்பா நூயி மீனவரின் வருமானத்தைப் போல் பல மடங்காக இருக்கலாம். ஆனால் பிறந்த மண்ணில் இருக்கும் வசதியை அந்தச் சம்பளத்தால் வாங்க முடியவில்லை. உங்கள் ஆய்வு சொல்ல வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மபுச்சே மக்களைச் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சேர்க்கலாம், ஆனால் வேறு காரணத்துக்கு. 2017 கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் மேல் இருந்த அவர்கள்தான் சிலியின் மிகப் பெரிய பூர்வகுடி. 19-ஆம் நூற்றாண்டுப் பிற்பாதியில் நிலத்தை இழந்து, லட்சக்கணக்கில் சாந்தியாகோவுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்கள். நகரத்துக்குப் பெயர்ந்த பூர்வகுடியின் வேலை, வாடகை, பாகுபாடு பற்றி எழுதும் இடத்தில் அவர்களை ஹவாயியரோடு வையுங்கள். தீவு, சுற்றுலா, நிலம் என்று வரும் இடத்தில் ராப்பா நூயி மட்டும் போதும்.

புள்ளிவிவரத்தில் ஒரு பொறி இருக்கிறது. சிலியின் வறுமை பற்றி எல்லோரும் மேற்கோள் காட்டும் 'காசென்' குடும்ப ஆய்வு, போய்ச் சேரக் கடினமான பகுதிகளை விட்டுவிடுகிறது. அந்தப் பட்டியலில் ஈஸ்டர் தீவும் உண்டு. 2022-இல் சிலியின் வறுமை 6.5 விழுக்காடு என்ற எண்ணில் ராப்பா நூயி இல்லவே இல்லை. தீவுக்குக் கணக்கெடுப்புத் தரவையே நம்புங்கள். 'பூர்வகுடி' யார் என்று எண்ணும் விதமும் வேறு. அமெரிக்கப் படிவத்தில் ஒருவர் பல இனங்களைக் குறிக்கலாம். சிலியின் படிவத்தில் ஒரு பூர்வகுடியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஹவாய்க்கு 'தனித்தோ, பிற இனத்தோடு சேர்ந்தோ' என்ற நெடுவரிசையை எடுங்கள். தனித்து மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் காணாமல் போய்விடுவார்கள்.

ஆண்டு தேர்வுக்கு வருகிறேன். சிலியின் 2017 கணக்கெடுப்போடு, அமெரிக்கச் சமூக ஆய்வின் (American Community Survey) 2015-2019 ஐந்தாண்டுத் தொகுப்பைச் சேர்த்து வைத்தால் நடு ஆண்டு பொருந்திவிடும். மேலே சொன்ன 2020 கணக்கெடுப்பின் ஆள்கணக்கைத் தவிர, 2020 முதல் 2022 வரையிலான எண்களை இந்த அட்டவணையில் கலக்காதீர்கள். 2020 மார்ச்சில் மூடிய ராப்பா நூயி 2022 ஆகஸ்டில்தான் பயணிகளுக்குத் திறந்தது. அதுவரை அங்கே குடும்பங்கள் வீட்டுத் தோட்டம் போட்டும், 'உமங்கா' என்ற பழைய கூட்டுழைப்பு முறைக்குத் திரும்பியும் சமாளித்தன. ஹவாயில் 2020 ஏப்ரலில் வேலையின்மை 20 விழுக்காட்டைத் தாண்டியது, கூட்டரசின் உதவித்தொகை தாங்கிப் பிடித்தது. 2023 ஆகஸ்ட் 8 அன்று மாவி தீவில் லஹைனா எரிந்தபின் அந்தத் தீவின் வீட்டு எண்களும் தலைகீழாகிவிட்டன. இந்த மூன்றையும் கடைசி அத்தியாயமாகத் தனியே எழுதுங்கள். பக்க வரம்பு இடம் கொடுக்காவிட்டால் மபுச்சே பகுதியைச் சுருக்குங்கள், இதை விடாதீர்கள்.